ஒரே காயத்துக்கு இரண்டு கட்டு

அத்தியாயம் 4

மருந்துக்கடைக்காரர் கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளிலிருந்து மூன்றை மட்டும் உருவிக் கவுண்டர் கண்ணாடிமேல் பரப்பியபோது, ரேடியோ தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். நடுச் சீட்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை.

"ரத்தமா?" என்று கேட்டான்.

"டீ" என்றார் கடைக்காரர்.

பயம் வந்தால் பலருக்கு வாய் அடைத்துப் போகும். ரேடியோவுக்கு நேர்மாறு, வாய் திறந்துகொள்ளும். ஒன்பது வருஷம் பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து வண்டி வருவதையும் போவதையும் அறிவித்தவன். வேலை போன பிறகும் ரேடியோ என்ற பெயர் போகவில்லை. வயது முப்பத்தாறு. தாடி மழிக்கும்போது கீறிக்கொண்டால்கூடக் கட்டிலில் போய்ப் படுத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவன் போயும் போயும் சிஸ்டரிடம் உதவியாளனாக வந்து சேர்ந்திருந்தான்.

சிஸ்டர் இருபத்திரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டிரஸ்ஸிங் ரூமில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். யார் எப்படி அடிபட்டேன் என்று சொன்னாலும், அது பொய்யா நிஜமா என்று காயத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் முற்றிப்போய்த்தான் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அலுவலகத்துப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான்.

நேற்று மாலை ஒரு தையல்காரர் அவர்களைத் தேடி வந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அவருடைய தங்கை வீடு வீடாகப் போய்க் காயத்துக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். யாரோ கூப்பிட்டார்கள் என்று கிளம்பியவள், ஆறு நாளாகத் திரும்பவில்லை. போனில் ஒரு செய்தி மட்டும் வந்தது: அண்ணா, வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, தேட வேண்டாம். தையல்காரர் தன் கையால் தைத்த துணி உறையிலிருந்து போனை எடுத்து அதைக் காட்டினார், தங்கைக்கும் அதே மாதிரி ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தாராம். பிறந்ததிலிருந்து அவள் தன்னை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை, அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் டேய் என்பாள் என்றார். போலீஸ் நிலையத்தில் போய்ச் சொன்னதற்கு, பெரிய பெண்தானே, வந்துவிடுவாள் என்று அனுப்பி வைத்துவிட்டார்களாம்.

தங்கை கட்டுச் சாமான்களை எப்போதும் இந்த ஒரு கடையில்தான் வாங்குவாள் என்று தையல்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் காலையில் இங்கே வந்து நின்றார்கள். வந்ததும் வராததுமாகக் கடைக்காரர் ஒரு செய்தி சொன்னார். அந்தப் பெண் வரவில்லை. ஆனால் தொப்பி போட்ட ஒரு ஆள், அவள் வாங்குகிற மாதிரியான சாமான்களையே ஆறு நாளில் மூன்று முறை எழுதிக்கொண்டு வந்தான். கடைசிச் சீட்டு இன்று காலையில் வந்தது. அதில் இரண்டு சாமான் கையிருப்பில் இல்லாததால் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

சிஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி முதல் சீட்டைப் படித்தார். சலைன் பத்து பாட்டில். பாரஃபின் தடவிய வலைத்துணி, பெரியது இருபது. பஞ்சு வைத்த பட்டை. பேண்டேஜ் ரோல்.

"வெட்டுக் காயம்னா விளிம்பைச் சேத்துத் தையல் போட்டா முடிஞ்சுது, இவ்வளவு துணி வேணாம். சிராய்ப்புக்கு இதுல பத்துல ஒரு பங்கு போதும். படுக்கைப் புண் ஆழமா இருக்கும், ஆனா ஒரே இடத்துல இருக்கும். இது தோல் உரிஞ்சு பரந்துபோன காயம். சாதா துணியை வெச்சா அப்படியே ஒட்டிக்கும். பிரிக்கும்போது புதுசா வந்த தோலும் கூடவே வந்துடும். அதனாலதான் ஒட்டாத துணி கேட்டிருக்கா. தீ பட்டிருக்கணும், இல்ல கொதிக்கிறது எதுவோ பட்டிருக்கணும்."

"சிஸ்டர், நான் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடல" என்றான் ரேடியோ. "இனிமே சாப்பிடப் போறதும் இல்ல."

இரண்டாவது சீட்டில் தடிமனான ஃபோம் டிரஸ்ஸிங் ஆறு, வெள்ளி சேர்த்த டிரஸ்ஸிங் ஆறு, எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு சாண் சதுரம். காயம் நீர் விடத் தொடங்கியிருக்கிறது, அதை உறிஞ்சத்தான் ஃபோம், கிருமி பற்றுமோ என்ற பயத்தில்தான் வெள்ளி என்று சிஸ்டர் விளக்கினார். அத்தனை பெரிய துண்டுகளை வைக்க வேண்டுமென்றால் அது ஒரு பெரிய ஆம்பளையின் முதுகும் தோளுமாகத்தான் இருக்க முடியும். தையல்காரரின் தங்கையோ ஒல்லிக்குச்சி.

"அப்போ அந்தப் பொண்ணுக்குக் காயம் இல்ல" என்று ரேடியோ மூச்சுவிட்டான்.

சிஸ்டர் மூன்றாவது சீட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார். கொப்புளத்துக்கு ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்திரி, இரண்டு கணுக்காலுக்கும்.

இரண்டு கணுக்காலிலும் ஒரே மாதிரி தோல் உராய்ந்து போக வேண்டுமென்றால் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. ரேடியோவுக்கே புரிந்தது. யாரோ யாரையோ கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அதே சீட்டில் மேலே இருந்த வரிகள்தான் சிஸ்டரை இன்னும் நேரம் பிடித்து வைத்தன. ஆல்ஜினேட். ஹைட்ரோஜெல். பக்கத்தில் தனியாக, இரண்டும் ஒரே காயத்துக்கு என்று ஒரு குறிப்பு. அவற்றுக்குக் கீழே நாற்றத்தை அடக்குகிற கரி டிரஸ்ஸிங் வேறு. கையெழுத்து மூன்றிலும் ஒன்றுதான், யாரோ சொல்லச் சொல்லத் தொப்பிக்காரன் எழுதியது.

"ஆல்ஜினேட் ஈரத்தை உறிஞ்சும், வழியிற காயத்துக்கு. ஹைட்ரோஜெல் ஈரத்தைக் கொடுக்கும், காஞ்சு போன காயத்துக்கு. ரெண்டையும் ஒரே காயத்துல வெச்சா, ஒரு ஆள் வீட்டுக்குள்ள தண்ணி ஊத்த ஊத்த இன்னொரு ஆள் துடைக்கிற கதைதான். முதல் ரெண்டு சீட்டை இவ்வளவு கச்சிதமாச் சொன்னவ, மூணாவதுல இப்படித் தப்பு பண்ணுவாளா?"

"தூக்கக் கலக்கமா இருக்கும்."

"ஒரே காயத்துக்குன்னு தனியா எழுத வெச்சிருக்காளே. கடைக்காரர் கண்ணுல படணும், கேள்வி கேக்கணும்னுதான் எழுத வெச்சிருக்கா. இது மருந்துச் சீட்டு இல்ல ரேடியோ. உதவி கேட்டு அவ போட்ட கடுதாசி."

கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். உறுத்தியது உண்மைதான், கடையில் கூட்டமாக இருந்தது, கேட்காமல் விட்டுவிட்டேன் என்றார். வேறு எதுவும் நினைவிருக்கிறதா என்று சிஸ்டர் கேட்டதற்கு, அந்த ஆள் டேப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டது மட்டும் நினைவிருந்தது. பேப்பர் டேப் ஒட்டிய ஒரு மணி நேரத்தில் பசை இளகி வழுக்கி இறங்கிவிடுகிறதாம். துணி டேப் கொடுத்துப் பார்த்தார். அதுவும் அதே கதைதானாம்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ரேடியோ சட்டென்று இருமல் மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அதன் லேபிளைப் படிக்க ஆரம்பித்தான். தொப்பிக்காரனுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். கண் சிவந்து, முகம் தூக்கமில்லாமல் வெளிறியிருந்தது. கவுண்டரில் அவன் வைத்த விரல்களை ரேடியோ ஓரக்கண்ணால் பார்த்தான். நுனியெல்லாம் சுருங்கி, தண்ணீரில் ஊறிய மாதிரி வெளுத்துக் கிடந்தன.

சிஸ்டர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரைத்தான் அதட்டினார். எந்த அறிவுகெட்டவர் இந்த இரண்டையும் ஒரே காயத்துக்கு எழுதியது, இதை வைத்துக் கட்டினால் நோயாளி பிழைப்பாரா, நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பீர்களா என்று கடை முழுக்கக் கேட்கும்படி பேசினார். தொப்பிக்காரன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"நீங்க நர்ஸாம்மா?" என்று கேட்டான்.

இருபத்திரண்டு வருஷம் என்றார் சிஸ்டர். காயம் நாற ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். அவன் தலையாட்டினான். நடு முதுகில் தோல் கறுத்திருக்கிறதா என்று கேட்டார். அதற்கும் ஆட்டினான். நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் கையை விரித்ததும், அவன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு, வந்து பார்க்க முடியுமா, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டான்.

சிஸ்டர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ரேடியோவை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைப் பயமுறுத்தியது அதுதான்.

கடைக்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தான். இரண்டு தெரு தாண்டும்வரை ஸ்கூட்டரின் பின்விளக்கு கண்ணில் பட்டது. மூன்றாவது திருப்பத்தில் ஒரு லாரி குறுக்கே வந்தது. லாரி விலகியபோது ஸ்கூட்டரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. எதிரே தொழிற்கூடங்கள் வரிசையாக நின்ற ஒரு முட்டுச்சந்து. அதில் பெரிய இரும்புக் கதவுகள் மூன்று, மூன்றும் சாத்தியிருந்தன. ஒன்று ஐஸ் ஃபாக்டரி. அடுத்தது சாயப் பட்டறை. கடைசியில் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற லாண்டரி. மூன்று வாசலிலும் தரை நனைந்துதான் கிடந்தது.

ரேடியோ சைக்கிளை விட்டு இறங்கினான். வாய் தானாக முணுமுணுத்தது. பயணிகள் கவனிக்கவும், சிஸ்டர் ஏறிய வண்டி எந்த மேடைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. தப்பான கதவைத் தட்டினால், சத்தம் கேட்டுப் பக்கத்துக் கதவுக்குள் இருப்பவன் உஷாராகிவிடுவான். தட்டாமலே நின்றால், உள்ளே தனியாகப் போயிருக்கிற சிஸ்டரின் கதி என்ன? அவர் இருந்திருந்தால் இந்நேரம் எதையாவது பார்த்துச் சொல்லியிருப்பார். இவன் மட்டும்தான் இருந்தான். சீட்டுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டினான்.

டேப் ஒட்டவில்லை. குளிரில் பசை விறைத்து ஓரம் தூக்கிக்கொள்ளும், வீட்டு ஃப்ரிட்ஜில் லேபிள் ஒட்டிப் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த ஆள் சொன்னது இளகி வழுக்கி இறங்குகிறது என்று. அப்படியென்றால் அங்கே வெக்கை. ஐஸ் ஃபாக்டரி இல்லை. சாயப் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு நகக்கண்ணில் நிறம் ஏறியிருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தொப்பிக்காரனின் விரலோ வெள்ளை வெளேரென்று இருந்தது. லாண்டரிக் கூரைமேல் ஒரு குழாய் புஸ் புஸ்ஸென்று ஆவியைத் துப்பிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, வெந்துபோன ஆள், பெரிய காயம் என்று சொல்லி வழி சொன்னான். போலீஸுக்கும் சொன்னான். பிறகு, காலைக் கெஞ்சிக் கூத்தாடி நகர்த்துவதுபோல் நகர்த்தி, லாண்டரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே வெந்நீரில் முங்கின மாதிரி வெக்கை. நீளமான கூடத்தில் இருபது முப்பது பெண்கள் ஆவி இஸ்திரி மெஷின்களில் படுக்கை விரிப்புகளை இழுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. வாசலை ஒட்டி ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சலவைச் சட்டையில் முதலாளி. அவர் முன்னால் மூன்று செல்போன்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது போன் ஒரு துணி உறைக்குள் இருந்தது. கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வழுவழுப்பான துணி. சீரான பொடித் தையல்.

தையல்காரர் தங்கைக்குத் தைத்துக் கொடுத்த உறை. ரேடியோ போன்மேல் இருந்த கண்ணைச் சட்டென்று எடுத்தான். ஆனால் வாய் நிற்கவில்லை. தான் ஒரு விடுதி நடத்துவதாகவும், நாற்பது தலையணை உறை வெளுக்க வேண்டும் என்றும், அதில் பதினாறில் விருந்தாளிகளின் தலைச்சாயம் ஏறியிருக்கிறது என்றும், அந்த விருந்தாளிகள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றும் சரம் சரமாக அவிழ்த்துவிட்டான். முதலாளி குறுக்கிடாமல் கேட்டார். சிரித்த முகம். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். ரேடியோ உட்கார்ந்ததும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"எந்த விடுதி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரம் கூடத்தின் கடைசியிலிருந்து, இரைச்சலையும் மீறி, டிரஸ்ஸிங் ரூமில் ஆளைக் கூப்பிடுகிற பழைய குரல் கேட்டது. "ரேடியோ, வந்துட்டியா? உள்ளே வா."

சிஸ்டர் கடைசி அறை வாசலிலிருந்து அவனைப் பார்த்துவிட்டிருந்தார். எழுந்து ஓடினான். முதலாளி பின்னாலேயே வந்தார், நிதானமாக, தோட்டத்தில் உலாவுகிற மாதிரி.

துணி அடுக்கி வைக்கிற அறை அது. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் இருக்கிறதாம், சுவர் உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலில் கட்டுமஸ்தான ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். கணுக்கால் இரண்டையும் துவாலையால் கட்டில் சட்டத்தோடு பிணைத்திருந்தார்கள். பக்கத்தில் தொப்பிக்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தலைமாட்டில் கண் உள்ளே போய், உதடு வெடித்து, ஒல்லியாக ஒரு பெண். அவள் கையிலும் காலிலும் எந்தக் கட்டும் இல்லை.

உன் அண்ணன்தான் அனுப்பினார் என்று ரேடியோ சொன்னதும் அவள் முகம் கோணியது. அழவில்லை. எப்படி அடைத்து வைத்தார்கள் என்று அவன் கேட்டான்.

"அடைக்கல. கதவு திறந்துதான் இருந்துது" என்றாள் நர்ஸ். "முதலாளி, நான் எப்ப வேணாப் போகலாம்னாரு. ஆனா நான் போலீஸோட திரும்பி வரும்போது இவர் இங்க இருக்க மாட்டார்னும் சொன்னாரு. அப்புறம் எப்படிப் போவேன்?"

சின்னக் காயம் என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்து பார்த்தால் பாய்லர் பார்க்கிறவரின் முதுகு முழுக்க ஆவியில் வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவள் கெஞ்சினாள். முதலாளி போனை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்தே அண்ணனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டார். அவள் நகர்ந்தால் கட்டு மாற்ற ஆளில்லை, ஒரே நாளில் சீழ் வைத்துவிடும். நகராமலே ஒருவரை வரவழைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, எந்த நர்ஸும் செய்யாத தப்பைச் சீட்டில் எழுத வைப்பது. தொப்பிக்காரன் பாய்லர்காரரின் கூடப்பிறந்த தம்பி, அதே லாண்டரியில் வேலை செய்கிறவன். ஆஸ்பத்திரிக்குப் போனால் விசாரணை வரும், பாய்லரைச் சரியாகக் கவனிக்காததற்கு உன் அண்ணனைத்தான் உள்ளே தள்ளுவார்கள் என்று முதலாளி அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

"நான் யாரையும் பிடிச்சு வைக்கல" என்றார் முதலாளி, கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு. "வைத்தியம்தான் பாத்துட்டிருக்கேன்."

காலைக் கட்டியது ஏன் என்று சிஸ்டர் கேட்டார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணனுக்கு ஜுரத்தில் புத்தி தடுமாறுகிறது, அடிக்கடி எழுந்து பாய்லர் பக்கம் போகப் பார்க்கிறார், இரண்டு முறை விழுந்து காயம் கிழிந்தது, அதனால் நான்தான் கட்டினேன் என்றான். வாய் ஓயாமல் கம்பி, கம்பி என்று பிதற்றுகிறார் என்றாள் நர்ஸ், ஆறு நாளாக அதே சொல்தான்.

சிஸ்டர் துவாலை முடிச்சை அவிழ்த்தார். பாய்லர்காரரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தரையில் முழங்காலிட்டு, அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஜுரம் இருக்கு. ஆனா உங்களுக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு. எந்தக் கம்பி, சொல்லுங்க."

ஆறு நாளில் அந்தக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டது சிஸ்டர்தான். அவர் உதடு அசைந்தது. ரேடியோவும் குனிந்தான்.

"அழுத்தம் ஏறினா ஆவியை வெளியே விடுற சேஃப்டி வால்வு. அது அடிக்கடி திறந்து ஆவி வீணாப் போவுதுன்னு முதலாளி கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டாரு. நான் அவுக்கப் போனேன். அதுக்குள்ள குழாய் ஜாயின்ட் பிச்சுக்கிச்சு." மூச்சு வாங்கினார். "கம்பி இன்னும் அப்படியே இருக்கு. பாய்லர் ஓடுதா?"

சுவர் உறுமியது. ரேடியோ அதில் உள்ளங்கையை வைத்து, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான். ஆறு நாளாக இந்த மனுஷன் எழுந்து எழுந்து ஓடப் பார்த்தது ஜுர வேகத்தில் இல்லை. மெஷின்களிடம் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள்.

ரேடியோ முதலாளியைப் பார்த்தான். அவர் கதவுச் சட்டத்திலிருந்து முதுகை எடுத்தார். திரும்பி நடந்தார். நான்கு எட்டில் நடை ஓட்டமானது.

அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. தம்பி பாய்லர் அறைக்குப் பாய்ந்தான். அண்ணன் படுத்தபடியே சொன்னது மட்டும் கேட்டது, வால்வைத் தொடாதே, எரிப்பை நிறுத்து, மெஷின் குழாய் எல்லாத்தையும் திறந்துவிடு. நர்ஸ் முதுகின்மேல் சலைனில் நனைத்த துணியை விரித்து, அதன்மேல் வெளுத்த விரிப்பு ஒன்றைப் போர்த்தினாள். சிஸ்டர் ரேடியோவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். கூடத்தைக் காலி பண்ணு என்றார்.

ரேடியோ கூடத்துக்கு ஓடினான். மெஷின் மேடைமேல் ஏறி நின்று, மைக் இல்லாமலே, பஸ் நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிற குரலில், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்குப் போங்கள் என்று கத்தினான். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மேற்பார்வை பார்க்கிற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நீ யார், எங்களுக்கு உத்தரவு போட என்று கேட்டாள்.

"நான் யாருன்னு அப்புறம் சொல்றேன்மா. உங்க முதலாளி இப்பத்தான் கதவைத் திறந்துட்டு வெளியே ஓடினார். ஏன் ஓடினார்னு வெளியே போய் அவரையே கேளுங்க."

அந்த அம்மா வாசலைப் பார்த்தாள். தாழ்ப்பாள் திறந்து கதவு ஆடிக்கொண்டிருந்தது. முதல் விரிப்பைக் கீழே போட்டது அவள்தான். அடுத்த நிமிஷம் கூடம் காலியாக ஆரம்பித்தது.

ரேடியோ திரும்ப ஓடினான். கட்டில் அந்தக் கதவுக்குள் நுழையாது. இரண்டு விரிப்பை மடித்துப் போட்டு, பாய்லர்காரரை அதில் புரட்டி, நான்கு முனையையும் மூன்று பேர் பிடித்தார்கள். தலைப்பக்கம் ரேடியோவுக்கு விழுந்தது. போர்த்திய துணி நழுவி, அவன் பார்க்கவே கூடாது என்று நினைத்ததெல்லாம் கண்ணெதிரே கிடந்தது. சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக, பழுத்த இலை ஒட்டிக் காய்ந்ததுபோல. கண் இருட்டியது. பாய்லர் அறைக் கதவைக் கடக்கும்போது உள்ளே அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது தெரிந்தது. அதைப் பார்த்ததும் மயக்கம் வந்த வழியே போய்விட்டது. மயங்கி விழுவதற்கு அது இடமில்லை.

வெயிலில் வந்து விழுந்தபோது, பின்னால் கூடம் முழுக்க ஆவி சீறுகிற சத்தம் கேட்டது. ஜன்னல்களில் வெள்ளை வெள்ளையாக வழிந்தது. ரேடியோ தலைமேல் கையை வைத்துக்கொண்டு குந்தினான். எண்ணிக்கொண்டே இருந்தான். நூறைத் தாண்டினான். வெடிக்கவில்லை. சீறல் மெல்ல மெல்லப் பெருமூச்சாகித் தணிந்தது. ஆவிக்குள்ளிருந்து தம்பி தொப்பி இல்லாமல், முழங்கை சிவந்து, தடுமாறி வந்தான். முள் இறங்கிவிட்டதாகச் சொன்னான். கம்பி வால்விலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தானாம், போலீஸ் பார்க்க வேண்டும் என்பதற்காக.

முதலாளியின் கார் சந்து முனையைத் தாண்டவில்லை. நனைந்த ஏப்ரனோடு இருபத்தெட்டுப் பெண்கள் அதன் முன்னால் நின்றார்கள். ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. போலீஸ் ஜீப் வரும்வரை அப்படியே நின்றார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. சிஸ்டரும் நர்ஸும் குனிந்து சலைன் ஊற்றிக் கழுவி, ஒட்டாத வலைத்துணியை வைத்து, அதன்மேல் வெள்ளி, அதற்கும்மேல் ஃபோம் என்று பேசிக்கொள்ளாமலே அடுக்கினார்கள். இறுக்காமல், மூச்சு விட இடம் வைத்துச் சுற்றினார்கள். ரேடியோ பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது பாய்லர்காரர் கண்ணைத் திறந்தார். தம்பியைத் தேடினார். அவன் கிட்டே போகப் பயந்து, ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றான்.

"நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.

"நிறுத்திட்டேண்ணே."

"எல்லாரும் வெளியே வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கண்ணே. எல்லாரும்."

"அப்ப சரி."

கண்ணை மூடிக்கொண்டார். மூடிய விதம் ரேடியோவுக்குப் பிடிக்கவில்லை. நர்ஸ் சட்டென்று உள்ளே ஏறி அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். சந்து முழுக்க அந்த இரண்டு விரலையே பார்த்தது.

"தூங்கறாரு" என்றாள் அவள். "ஆறு நாள்ல இப்பத்தான் தூங்கறாரு."